புற்றுநோய்: உடலுக்குள் ஒரு போராட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மனிதன் அஞ்சும் நோய்கள் பல. அவற்றுள் பெயரைச் சொல்லவே நாக்கூசும் நோய் ஒன்று உண்டு. அதுவே புற்றுநோய். காய்ச்சல் என்றால் வாய்விட்டுச் சொல்கிறோம். சர்க்கரை என்றால் நாலு பேரிடம் பத்தியம் கேட்கிறோம். புற்றுநோய் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறோம். முன்வினைப் பயன் என்பாரும், நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பாரும், வந்துவிட்டால் பிழைக்க வழியே இல்லை என்பாரும் நம்மிடையே இன்றும் உண்டு. இம்மூன்று எண்ணங்களும் தவறானவை என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டியுள்ளது.

இந்நோய் உடலில் எவ்வாறு தோன்றுகிறது? அதனை எதிர்க்க உடல் என்ன செய்கிறது? உடலின் காவலையும் மீறி அது எவ்வாறு வளர்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். புற்றுநோயில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அனைத்தையும் இங்கே விளக்க இயலாது. ஆகவே பொதுவான செய்திகளை முதலில் கூறி, பிறகு கருப்பை வாய்ப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தோற்றம் முதல் தடுப்பு வரை பெரும்பகுதி அறியப்பட்டுவிட்ட புற்றுநோய் அது. நம் தாய்மார்களை வாட்டும் நோயும் அதுவே.

செல்களின் ஒழுங்கு

வளர்ந்த மனிதனின் உடல் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்களால் ஆனது. இவை யாவும் கருவுற்ற ஒரே ஒரு முட்டையிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தவையே. தோலின் மேற்புறச் செல்கள் நாள்தோறும் தேய்ந்து உதிர்கின்றன. அடியிலுள்ள செல்கள் பிரிந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. விரலில் அரிவாள் பட்டால் காயத்தைச் சுற்றியுள்ள செல்கள் விரைந்து பெருகுகின்றன. காயம் மூடியதும் பெருக்கம் நின்றுவிடுகிறது. வேண்டும்போது பெருகுவது ஒரு சிறப்பு என்றால், வேண்டாதபோது நின்றுவிடுவது அதனினும் பெரிய சிறப்பு.

இந்த ஒழுங்கை நடத்துவது செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. ஆகும். 300 கோடி எழுத்துகளால் ஆன நூலுக்கு அதனை ஒப்பிடலாம். அந்நூலில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் சில செல்லைப் பிரியத் தூண்டுகின்றன. வேறு சில பிரியாமல் தடுக்கின்றன. பேருந்துக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் எப்படியோ, செல்லுக்கு இவ்விரு வகை மரபணுக்களும் அப்படியே. இரண்டும் சரியாக இருக்கும்வரை பயணம் ஒழுங்காக நடக்கும்.

பயிரே களையாகும் விதம்

ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் 300 கோடி எழுத்துகளும் மறுபடி எழுதப்பட வேண்டும். எழுதுவோர் கை தவறுவது இயல்பு. பெரும்பாலான பிழைகளைச் செல்லுக்குள் இருக்கும் நொதிகளே திருத்திவிடுகின்றன. திருத்த இயலாத அளவு பிழை மிகுந்தால் பி53 என்னும் புரதம் செல்லின் பிரிவை நிறுத்துகிறது. அதனாலும் பயனில்லை என்றால் அந்தச் செல்லைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளச் செய்கிறது. உடலின் நன்மைக்காக நாள்தோறும் எத்தனையோ செல்கள் இவ்வாறு ஓசையின்றி மறைகின்றன.

ஆயினும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. புகையிலை, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர் போன்ற கதிர்வீச்சு, சில வைரஸ்கள் ஆகியவை பிழைகளை மிகுவிக்கின்றன. 1775ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் வருவதற்குப் புகைக்கரியே காரணம் என்று எடுத்துக் கூறினார். வெளிக் காரணம் எதுவுமின்றி, எழுதும்போது நேரும் தற்செயல் பிழையாலும் நோய் தோன்றலாம். ஒழுக்கமாக வாழ்ந்தவருக்கும் புற்றுநோய் வருவது இதனாலேயே. இதில் பாவ புண்ணியத்திற்கு இடமில்லை.

ஒரு பிழையால் மட்டும் புற்றுநோய் வந்துவிடாது. ஆக்சிலேட்டர் மரபணு ஒன்று அழுந்திய நிலையில் சிக்க வேண்டும். பிரேக் மரபணுக்கள் பழுதாக வேண்டும். பிழை திருத்தும் வேலையும் கெட வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே செல்லின் வழித்தோன்றல்களில் சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவேதான் முதுமையில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

தடை கெட்ட ஒரு செல் இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. இவ்வாறு 30 முறை இரட்டித்தால் 100 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் உண்டாகும். அவ்வளவும் சேர்ந்தால்தான் விரல் நுனியில் தட்டுப்படும் ஒரு சிறு கட்டி ஆகும். ஆகவே நாம் கட்டியை உணரும் நாளில், அது நெடுங்காலம் நம்முடன் வாழ்ந்துவிட்டது என்று பொருள். பிறந்த இடத்திலேயே தங்கிவிடும் கட்டி பெரும்பாலும் ஆபத்தற்றது. அண்டைத் திசுக்களைத் துளைத்து, இரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து, நுரையீரல், கல்லீரல், எலும்பு என வேறிடங்களில் குடியேறும் கட்டியே புற்றுநோய். வயலில் விளையும் களை வெளியிலிருந்து வந்த விதை. புற்றுநோயோ நாம் நட்ட பயிரே களையாக மாறியதற்கு ஒப்பாகும். இதனை அடையாளம் காண்பது உடலுக்குக் கடினமாக இருப்பதன் காரணமும் அதுவே.

உடலின் காவற்படை

நம் உடலைக் காக்க வெள்ளையணுக்கள் என்னும் படை உள்ளது. எலும்பு மஜ்ஜை இப்படையின் பிறப்பிடம். இப்படையில் புற்றுநோயை எதிர்ப்போர் இருவர் முக்கியமானவர்கள். முதலாமவர் டி செல்கள். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுவதால் இவற்றுக்கு இப்பெயர். இரண்டாமவர் இயற்கைக் கொல்லி செல்கள்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தமக்குள் உண்டாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. டி செல்கள் ரோந்து செல்லும்போது இந்தத் துண்டுகளைச் சோதிக்கின்றன. பழகிய துண்டு என்றால் விட்டுவிடுகின்றன. மரபணுப் பிழையால் உருமாறிய புரதமோ, வைரஸின் புரதமோ தென்பட்டால் அந்தச் செல்லைத் துளைத்துக் கொல்கின்றன. சில புற்றுச் செல்கள் பிடிபடாமல் இருக்க எதையுமே ஏந்தாமல் நிற்பதுண்டு. அடையாளச் சீட்டே காட்டாதவனைச் சந்தேகிக்கும் காவலரைப் போல, இயற்கைக் கொல்லி செல்கள் அத்தகைய செல்களைப் பிடிக்கின்றன.

தோன்றும் புற்றுச் செல்களை உடலின் காவற்படை ஓயாமல் களைந்து வருகிறது என்ற கருத்தை ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் 1957இல் வெளியிட்டார். நெடுங்காலம் இது ஐயத்திற்கு இடமாகவே இருந்தது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் இராபர்ட் ஷ்ரைபர் குழுவினர், டி செல்கள் போன்றவை இல்லாத எலிகளில் கட்டிகள் மிகுதியாகத் தோன்றுவதைக் காட்டினர். மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவர்கள், உடல் அதனை ஒதுக்கிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உண்கின்றனர். அவர்களுக்குச் சிலவகைப் புற்றுநோய்கள் மற்றவரைவிட அதிகமாக வருகின்றன. காவல் தளர்ந்தால் கலகம் வலுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: கருப்பை வாய்ப் புற்றுநோய்

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிடுகிறது.

இதன் காரணத்தைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசென். ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்னும் வைரஸின் 16ஆம் வகையை 1983லும், 18ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் இப்புற்றுநோய்த் திசுக்களில் அவர் குழுவினர் கண்டனர். இவ்விரு வகைகளே இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்குக் காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வைரஸ் உடலுறவின் வழியாகப் பரவுகிறது. இதைக் கேட்டதும் நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவது பெருந்தவறு. மணவாழ்வில் உள்ள பெரும்பாலான ஆண்களும் பெண்களும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த வைரஸைப் பெறுகின்றனர். சளியைப் போல அவ்வளவு பொதுவானது இது. மேலும், பரவுவது வைரஸே தவிர புற்றுநோய் அன்று. நோயாளியோடு ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் புற்றுநோய் ஒட்டாது.

வைரஸ் புகுந்த பின் நடப்பதுதான் வியப்புக்குரியது. அது கருப்பை வாயின் மேற்படலத்தில், அடியடுக்குச் செல்களில் குடிபுகுகிறது. இரத்தத்தில் கலப்பதில்லை. தான் வாழும் செல்லை வெடிக்கச் செய்வதுமில்லை. செல் தானாக மேலே வந்து உதிரும்போது அதனோடு வெளியேறுகிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டே சத்தமின்றிக் களவாடும் திருடனைப் போன்றது இது. ஆகையால் காவற்படைக்குச் செய்தி எட்டத் தாமதமாகிறது.

ஆனாலும் நம் உடல் எளிதில் தோற்பதில்லை. வைரஸ் பெற்றவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம், ஓரிரு ஆண்டுகளுக்குள் காவற்படை அதனை அடக்கிவிடுகிறது. அவர்களுக்கு நோய் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எஞ்சிய சிலரிடம் மட்டும் வைரஸ் நிலைத்துவிடுகிறது. அப்போது ஈ6, ஈ7 என்னும் அதன் இரு புரதங்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஈ6 புரதம், மேலே கூறிய பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7 புரதம், ஆர்பி என்னும் மற்றொரு பிரேக் புரதத்தைப் பிடித்துச் செயலற்றதாக்குகிறது. பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கெட வேண்டிய இரண்டு பிரேக்குகளை வைரஸ் ஒருங்கே பிடுங்கிவிடுகிறது. அதன்பின் செல்கள் தாறுமாறாகப் பிரிகின்றன. பிழைகள் குவிகின்றன.

இந்நிலையிலும் காலம் நம் பக்கமே இருக்கிறது. எதிர்ப்பாற்றல் சீராக உள்ள பெண்ணில், மாறத் தொடங்கிய செல்கள் முழுப் புற்றுநோயாக வளரப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களில் 5 முதல் 10 ஆண்டுகளே போதும். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியுள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எதிர்ப்பாற்றலின் பங்கு என்ன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

காவலரை ஏய்க்கும் தந்திரம்

வளர்ந்துவிட்ட புற்றுக்கட்டியைக் காவற்படை ஏன் அழிப்பதில்லை? நெடுநாள் போராட்டத்தில் பிடிபடக்கூடிய செல்கள் எல்லாம் அழிந்துபோக, ஒளியத் தெரிந்த செல்களே எஞ்சிப் பெருகுகின்றன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் நுட்பமானது. டி செல்கள் எல்லை மீறி நம் உடலையே தாக்காதிருக்க, அவற்றுக்கும் இயற்கை பிரேக்குகளை வைத்துள்ளது. பிடி-1 என்பது அவற்றுள் ஒன்று. பல புற்றுச் செல்கள் அந்தப் பிரேக்கை அழுத்தும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் உண்டாக்கிக்கொள்கின்றன. கொல்ல வந்த டி செல், அருகில் நின்றும் கை கட்டி நிற்கிறது.

இந்தப் பிரேக்குகளைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும், ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. முற்றிய தோல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் உள்ள சிலர் இவற்றால் பல ஆண்டுகள் வாழ்கின்றனர். எல்லோருக்கும் இவை பலிப்பதில்லை. விடுபட்ட டி செல்கள் உடலின் நல்ல உறுப்புகளைத் தாக்குவதும் உண்டு. விலையும் மிக அதிகம். அறுவைச் சிகிச்சையும், கதிர்வீச்சுச் சிகிச்சையும், மருந்துச் சிகிச்சையும் இன்றும் முக்கிய ஆயுதங்களாகவே உள்ளன.

திண்டுக்கல் காட்டிய வழி

விலை உயர்ந்த மருந்தைவிட எளிய வழி ஒன்று உண்டு. அதனை உலகுக்கு மெய்ப்பித்தது நம் திண்டுக்கல் மாவட்டம் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் சற்று நேரத்தில் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரே நல்ல வெளிச்சத்தில் இதனைப் பார்த்துவிடலாம். அந்த இடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்துவிட்டால் நோய் முளையிலேயே கிள்ளப்படுகிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் இச்சோதனை பெரிய அளவில் நடத்தப்பட்டது. முடிவு 2007இல் வெளியானது. சோதனை நடந்த ஊர்களில் புதிதாக நோய் தோன்றுவது 25 விழுக்காடும், இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மருத்துவமனைக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சோதனைக்கு உரியவர்களாக இருந்த சுமார் 49 ஆயிரம் பெண்களில் வந்தவர்கள் சுமார் 31 ஆயிரம் பேரே. மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஊகிக்க நமக்கு ஆராய்ச்சி தேவையில்லை. எங்கள் தெருவில் மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான பின் உதிரம் பட்டாலும், 'சூடு' என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பவர்கள் உண்டு. ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை. வேறொருவர் பார்ப்பார்களே என்ற கூச்சம். ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். இம்மூன்றும் சேர்ந்து, உடல் நமக்குத் தந்த 15 ஆண்டு அவகாசத்தை வீணாக்கிவிடுகின்றன.

தடுப்பூசி

காவற்படைக்கு முன்கூட்டியே எதிரியின் உருவத்தைக் காட்டிவிட்டால் என்ன? அதுவே தடுப்பூசியின் தத்துவம். எச்.பி.வி. தடுப்பூசியில் வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே உண்டு. உள்ளே மரபணு இல்லை. ஆகவே அதனால் நோய் வராது. உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. பின்னாளில் உண்மையான வைரஸ் வந்தால் வாசலிலேயே மடக்கப்படுகிறது. 2006இல் முதன்முதலாக இத்தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. சுவீடன் நாட்டில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இப்புற்றுநோய் 88 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. தமிழக அரசின் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 14 வயதுச் சிறுமியர்க்கு இதனை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

வைரஸ் புகுமுன் போட வேண்டிய ஊசி இது. புகுந்துவிட்ட வைரஸை இது விரட்டாது. ஆகவே தங்கைக்கு ஊசி, தாய்க்குச் சோதனை என்று நினைவில் கொள்வது எளிது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்குப் பின் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம் கடமை

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை மனத்தில் வைத்து 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய அதனை, 1955இல் பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதும் வளர்த்தார். அவர்கள் செய்தது பெரும்பணி. நம்மால் இயன்றது சிறுபணி.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு வந்தாலும், அரசு அலுவலகக் கடிதம் வந்தாலும் அக்கம்பக்கத்தார் என்னிடமே நீட்டுவார்கள். இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். நாம் சொன்னால் நம் வீட்டார் கேட்பார்கள். மாதவிலக்கு அல்லாத நாளில் உதிரம் படுதல், மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுதல், உறவுக்குப் பின் உதிரம் படுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று சொல்லலாம். எந்தக் குறியும் இல்லாதபோதே 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இச்சோதனையைச் செய்துகொள்ளலாம் என்று சொல்லலாம். சில நிமிட வேலைதான், அங்கே செவிலியரும் ஒரு பெண்தான் என்று கூடச் சென்று தைரியம் கூறலாம். புகையிலையை விடும்படி அப்பாவிடமும் அண்ணனிடமும் மன்றாடலாம்.

நம் உடல் ஒவ்வொரு நாளும் நமக்குத் தெரியாமலே நமக்காகப் போராடுகிறது. பெரும்பாலான நாட்களில் அதுவே வெல்கிறது. அது தடுமாறும் வேளையில் துணை நிற்க ஒரு செவிலியரும், சில சொட்டு அமிலமும், ஒரு நாள் விடுப்பும் போதும். வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் தாயிடமோ அத்தையிடமோ இதனைப் பேசிவிட்டு வந்தால், நாம் படித்த படிப்புக்கு அதனினும் நல்ல பயன் வேறில்லை.